நான் தின்று அறியாத ஊறுகாய்

புரட்டாசியில் வந்த காய்ச்சல் நாலு நாளில் என் வீட்டுக்காரரை விட்டுவிட்டது. போகும்போது அவர் மூக்கின் மோப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. முதல் வாரம் சளி என்று நினைத்தோம். தை பிறந்தும் திரும்பவில்லை. உப்பு தெரிகிறது, புளிப்பு தெரிகிறது, மிளகாய் எரிகிறது. ஆனால் எது மீன் எது கத்தரிக்காய் என்று கண்ணை மூடிக்கொண்டால் தெரியவில்லை என்றார்.

"நனஞ்ச அட்டையத் திங்கிற மாதிரி இருக்கு" என்று தட்டைத் தள்ளிவிடுவார். நாலு வாய், ஐந்து வாய். அதற்கு மேல் இறங்காது. கைக்கடிகாரம் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைப் பக்கம் ஓடியது. தஞ்சாவூரில் பார்த்த டாக்டர், "வரும்மா, நாளாகும். அதுவரைக்கும் நல்லா சாப்பிடச் சொல்லுங்க, எடை குறையக் கூடாது" என்றார். எடைதான் குறைந்துகொண்டே வந்தது.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தெரியாத ஒன்று எதிரே வந்தால் எனக்குப் பயம் முன்னால் வரும், கேள்வி பின்னால் நொண்டிக்கொண்டு வரும். பால் தீய்ந்தாலும் இந்த மனிதருக்குத் தெரியாது, கேஸ் கசிந்தாலும் தெரியாது என்று ரெகுலேட்டரை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திருகிப் பார்த்தேன். கருவாட்டுக் குழம்பு வைத்தேன், நண்டு வைத்தேன், மிளகுக் கறி வைத்தேன். எதிரே உட்கார்ந்து அவர் வாயையே பார்ப்பேன். தாடை நிற்கிறதா, விழுங்குகிறாரா, முகம் சுளிக்கிறாரா என்று.

பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம் தட்டைத் தள்ளிவிட்டு அவராகவே சொன்னார்.

"அங்க ரொட்டியோட ஒன்னு வைப்பான். செவப்பா. அது இருந்தா ரெண்டு வாய் திங்கலாம்னு தோணுது."

அங்கே என்றால் குவைத். இருபத்திரண்டு வருஷம் அங்கே டிரைவர் வேலை பார்த்தார். வரும்போதெல்லாம் சென்ட்டு, சோப்பு, கம்பளி கொண்டு வருவார். அங்கே என்ன தின்றார் என்று அவரும் சொன்னதில்லை, நானும் துருவிக் கேட்டதில்லை. "சோறுதான், வேறென்ன" என்பார். இப்போது முதல் தடவையாக அங்கிருந்து ஒரு தின்பண்டம் என் சமையலறைக்கு வந்து நிற்கிறது. எனக்குக் கை குறுகுறுத்தது.

"என்ன காய் அது?"

"முள்ளங்கி மாதிரி. முள்ளங்கி இல்ல. உருண்டையா இருக்கும்."

"பீட்ரூட்டா?"

"பீட்ரூட்டுன்னா பீட்ரூட்டுன்னு சொல்ல மாட்டனா? அந்தக் காய் வெள்ளதான். ஊறுனா செவந்துரும்."

வெள்ளைக் காய் ஊறினால் எப்படிச் சிவக்கும் என்று கேட்டேன். "எனக்கென்ன தெரியும், திங்கத்தான் தெரியும்" என்றார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகளிடம் போனில் சொன்னேன். அவள் தேடிப் பார்த்து, "டர்னிப்பும்மா அது" என்று ஒரு வீடியோ அனுப்பினாள். அதில் ஒரு அம்மா அரபியில் பேசிக்கொண்டே போட்டுக் காட்டினாள். பேச்சு புரியவில்லை. கை புரிந்தது. ஆனால் அவள் ஒரு கிண்ணத்திலிருந்து தண்ணீர் போல எதையோ ஊற்றினாள்; அது வெறும் தண்ணீரா, வேறு ஏதுமா என்று கையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போனபோது, தஞ்சாவூர் மார்க்கெட்டில் அந்தக் காயைக் கண்டுபிடித்தேன். ஊட்டிக் காய்கறி விற்கும் கடையில் ஓர் ஓரமாகக் கிடந்தது. கீழ்ப் பாதி முட்டை போல வெள்ளை. மேல் பாதியைக் கத்தரிக்காய்ச் சாயத்தில் தோய்த்து எடுத்தாற்போல ஊதா. அடியில் எலிவால் மாதிரி ஒரு வேர்.

"நூக்கோலுங்களா?" என்றேன்.

"நூக்கோல் அந்தா பச்சையா கெடக்கு. இது டர்னிப். ஓட்டல்காரங்க ரெண்டு பேரு, டாக்டருக்குப் படிக்கிற வடக்கத்திப் புள்ளைங்க நாலு பேரு, அவ்வளவுதான் இத வாங்குறவங்க. நீங்க என்னம்மா பண்ணப் போறீங்க?"

"ஊறுகா."

கடைக்காரர் பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்தார். "யக்கா, இந்தம்மா டர்னிப்புல ஊறுகா போடுறாங்களாம்!"

"போடட்டுமே" என்றாள் அந்த அக்கா, தலையைத் தூக்காமல். "எலுமிச்சங்கா விக்கிற வெலைக்கு நாளைக்கு நீயும் அதத்தான் நக்கணும்."

ஒன்றரைக் கிலோ வாங்கினேன். என் வீட்டுக்காரர் ஒரு காயைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். பழக்கம். பிறகு பையில் போட்டுவிட்டார்.

வீட்டில் நறுக்கும்போதுதான் அந்தக் காயைச் சரியாகப் பார்த்தேன். குறுக்கே வெட்டினால் தோலுக்குச் சற்று உள்ளே இன்னொரு வட்டம் தெரிகிறது. தோலை மட்டும் சீவினால் பல்லில் நார் படுகிறது. அந்த வட்டம் வரைக்கும் சீவினால் உள்ளே வெள்ளரி போல மொறுமொறுவென்று இருக்கிறது. வாசனை முள்ளங்கியும் இல்லை, கோஸும் இல்லை. கடுகை அம்மியில் நசுக்கினால் ஒரு வீச்சு அடிக்குமே, அதன் தூரத்துச் சொந்தம்.

அவர் பக்கத்தில் வந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார். தாடை நின்றது.

"சுருக்குங்குது" என்றார்.

நான் கத்தியைக் கீழே போட்டேன். "எங்க? நாக்குலயா, மூக்குலயா?"

"தெரியல. எங்கயோ."

"எங்கயோன்னா எங்கங்க? இன்னொன்னு தின்னு பாருங்க. தொண்டையிலயா?"

"விடேன்" என்று எழுந்து போய்விட்டார். ஆனால் நாலு மாதத்தில் அவர் ஒரு பண்டத்தைப் பற்றி அட்டை என்று சொல்லாதது அன்றைக்குத்தான். இந்தக் காயை விடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

பிறகுதான் அந்தத் தப்பைச் செய்தேன். வீடியோவில் ஊற்றியது என்னவென்று தெரியாததால் எனக்குத் தெரிந்த வழிக்கே போனேன். எங்கள் பக்கத்தில் பிறந்து, நார்த்தங்காய் போட்டு வளர்ந்த எந்தப் பொம்பளையும் அதைத்தான் செய்திருப்பாள். உப்பும் மஞ்சளும் பிசறி மூன்று நாள் மாடியில் வெயிலில் காய வைத்தேன். தை மாதத்து வெயில் நன்றாகவே அடித்தது. முதல் நாளே ஊளை நாற்றம். சாக்கடையைக் குத்திவிட்டாற்போல. காக்காய் விரட்ட அவரைத்தான் உட்கார வைத்திருந்தேன். அவருக்கென்ன, வாசனையா தெரியப் போகிறது, காற்றாட உட்கார்ந்து பேப்பர் படித்தார். காக்காய்தான் ஒன்றுகூட வரவில்லை.

காய்ந்த துண்டுகள் காது மாதிரி சுருண்டுவிட்டன. நல்லெண்ணெய் காய்ச்சி, மிளகாய்த்தூள், வெந்தயப்பொடி போட்டுக் கிளறி, நாலு நாள் ஊறவிட்டுத் தட்டில் வைத்தேன்.

"எண்ணெய ஏன் ஊத்துன?" என்றார். "அதுல எண்ணெயே கெடையாது."

"எண்ணெ இல்லாம ஒரு ஊறுகாயா? பூசணம் புடிச்சிராதா?"

"புடிக்கல. இது ரப்பர் மாதிரி இருக்கு. அது கடிச்சா நறுக்குனு சத்தம் வரணும்."

மிச்சம் இருந்த இரண்டு காயைப் பாசிப்பருப்பில் போட்டுக் கூட்டு வைத்தேன். சீக்கிரம் வெந்துவிடுகிறது, ஒரு கொதி கூடினால் குழைந்து தண்ணீர் விடுகிறது. லேசான இனிப்பு, கடைசியில் ஒரு சின்னக் கசப்பு. எனக்குப் பிடித்திருந்தது. அவர் நாலு வாய் தின்றார்.

அந்த வாரம் கூத்தாநல்லூரிலிருந்து அவருடைய கூட்டாளி வண்டியில் வந்தார். குவைத்தில் ஒரே அறையில் இருந்தவர்கள். ஊரில் எல்லாரும் அவரைப் பாய் என்பார்கள், நான் அண்ணே என்பேன். நலம் விசாரிக்க வந்தவரை உட்கார வைத்து, அந்த ஊறுகாய் எப்படிப் போடுவார்கள் என்று கேட்டேன்.

"வினிகர் ஊத்துவாங்க தங்கச்சி" என்றார் அண்ணன், யோசிக்காமல்.

"வினிகரும் கெடையாது, ஒன்னும் கெடையாது" என்றார் இவர். "உப்புத் தண்ணிதான்."

"மாப்ள, இருபது வருஷம் தின்னிருக்கேன். புளிப்பு எங்கேருந்து வரும்? ஆகாசத்துலேருந்தா?"

"அது தன்னால புளிக்கும் மச்சான். எகிப்துக்காரன் பெரிய பக்கெட்டுல போட்டு வச்சிருப்பான். தினம் பாத்திருக்கேன்."

"நீ எங்க பாத்த? அவன் அடுப்படிக்குள்ள ஒன்ன உட்டானா?"

"பாத்திரம் கழுவப் போனேன்ல, மொத வருஷம். அப்ப பாத்தேன்."

சொன்ன பிறகுதான் நான் நிற்பது அவருக்கு உறைத்தது. அண்ணன் டம்ளரில் இல்லாத காப்பியைக் குடித்தார். இருபத்திரண்டு வருஷமும் டிரைவர் வேலை என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார். முதல் வருஷம் வந்த கடிதங்களில் எல்லாம் காரைப் பற்றித்தான் எழுதியிருந்தது. வெள்ளைக் கார், ஏசி போட்ட கார்.

எனக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. கேட்டால் அழுதுவிடுவேனோ, அவர் எழுந்து போய்விடுவாரோ என்று இருந்தது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"அந்தப் பக்கெட்டு எவ்ளோ பெருசுங்க?" என்றேன்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு இரண்டு கையையும் அகட்டிக் காட்டினார்.

"இவ்ளோ. வெள்ள பக்கெட்டு. மேல ஒரு தட்டக் கவுத்து, தட்டு மேல கல்லு வச்சிருப்பான். காய் தண்ணிக்கு மேல வந்துரக் கூடாது. பீட்ரூட்டு ரெண்டு துண்டு கெடக்கும், சாயத்துக்கு. பக்கெட்டு காலியானா கழுவுறது நானு. ஒரு நா பூரா கை செவப்பாவே இருக்கும்."

"பூண்டு?"

"கெடக்கும். தோலோட தட்டிப் போட்டிருப்பான். அடியில மிஞ்சுனத எனக்குத்தான் குடுப்பான். ரொட்டியில வச்சுத் திம்பேன்."

"சொல்லவே இல்லியே மாப்ள, பங்குக்கு வந்திருப்பேனே" என்றார் அண்ணன். மூன்று பேரும் சிரித்தோம். வினிகரைப் பற்றி அதற்கப்புறம் அவர் பேசவில்லை.

பாத்திரம் கழுவியவருக்குத் தெரிந்த பக்குவம் அது. எதை எவ்வளவு போட்டார்கள் என்று அவருக்குத் தெரியாது. கடைசியில் அடியில் என்ன கிடந்தது என்றுதான் தெரியும். அதிலிருந்து பின்னோக்கி யோசித்தேன். எண்ணெய் இல்லை, வெயில் இல்லை, உப்புத் தண்ணீரில் முங்கிக் கிடக்கிறது என்றால் நமக்குத் தெரிந்த மாவடு மாதிரிதானே? அப்படி நினைத்ததும் பாதிப் பயம் போயிற்று.

அண்ணனே அடுத்த நாள் தஞ்சாவூர் போனவர் ஒரு பை நிறைய டர்னிப் வாங்கி வந்து கொடுத்தார். உள்வட்டம் வரை சீவி, விரல் பருமனுக்கு நீட்டமாக நறுக்கினேன். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் கல்லுப்புக் கரைத்தேன். வேளாங்கண்ணிக் கடலில் முங்கினால் வாயில் போகுமே, அதைவிட ஒரு மாற்றுக் குறைவாக. பூண்டைத் தோலோடு தட்டிப் போட்டேன். பீட்ரூட்டில் மூன்று வில்லை. ஜாடியில் போட்டால் உள்ளே நடப்பது தெரியாதென்று பெரிய கண்ணாடி பாட்டிலில் போட்டேன். காய் மேலே வராமல் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து அழுத்தி மூடியைப் போட்டேன்.

முதல் நாள் பீட்ரூட்டை ஒட்டிக் கிடந்த துண்டுகள் மட்டும் சிவந்தன. இரண்டாம் நாள் பாட்டில் முழுக்க ரோஸ் கலர். காய்க்குள் எவ்வளவு தூரம் சாயம் ஏறியிருக்கிறது என்று பார்க்க ஒன்றை எடுத்து வெட்டினேன். ஓரம் சிவப்பு, நடுவில் இன்னும் வெள்ளை. மூன்றாம் நாள் அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழி ஏறியது. மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று சத்தம். விஷம் ஊறுகிறது என்றே நினைத்தேன்.

மகள் போனில் சிரித்தாள். "ஏம்மா, இட்லி மாவு பொங்குனா கொட்டிருவியா? அதே மாதிரிதாம்மா. மூடிய அப்பப்ப தொறந்து மூடு, இல்லன்னா காத்து சேந்து பாட்டில் வெடிச்சிரும்."

அப்பப்ப என்றாளே, நான் மணிக்கு ஒரு தரம் திறந்தேன்.

ஏழாம் நாள் துண்டு நடுமையம் வரை சிவந்துவிட்டது. முதலில் நான் தின்றேன். காலையில் தின்றுவிட்டு மத்தியானம் வரை என் வயிற்றைக் கவனித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. புளிப்பும் உப்புமாக, கடித்தால் நறுக்கென்றது. இதுதானா அது என்று மட்டும் எனக்குத் தெரிய வழியில்லை. நான் அதை எங்கே தின்றேன்?

மத்தியானம் தட்டில் நாலு துண்டு வைத்து, எதிரே உட்கார்ந்தேன். அவர் ஒன்றை எடுத்துக் கடித்தார். சத்தம் வந்தது. மென்றார். விழுங்கினார்.

"அது இல்ல" என்றார்.

"என்ன கொறையுது?"

"தெரியல. அது இல்ல." தட்டைத் தள்ளினார்.

பாட்டிலை அலமாரியில் பின்னால் தள்ளி வைத்துவிட்டேன். அதற்குள் அறுவடை மெஷின் எங்கள் குத்தகை வயலுக்கு வந்துவிட்டது. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு முறை வரும்வரை காவல் இருக்க வேண்டும். அவர் இருக்கிற இருப்பில் வெயிலில் நிற்க முடியாது. காலையில் சோற்றை வடித்து வைத்துவிட்டு நானே போனேன். அங்கே குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் மனசெல்லாம் வீட்டில்தான். தின்றிருப்பாரா, மயக்கம் போட்டிருப்பாரா.

மூன்றாம் நாள் சாயங்காலம் துணி அலசும்போது அவருடைய வெள்ளைத் துண்டில் கறை பார்த்தேன். வாய் துடைக்கிற முனையில், சிவப்பாக, நாலைந்து இடத்தில். ரத்தம் துப்புகிறார், என்னிடம் மறைக்கிறார் என்று நினைத்தேன். மெலிவுக்கும் அதுதான் காரணம், டாக்டர் கண்டுபிடிக்கவில்லை என்று அந்த நிமிஷத்தில் எல்லாவற்றையும் கோத்துவிட்டேன். துண்டைத் தண்ணீரில் முக்கினேன். ரத்தக் கறை எப்படிப் போகும் என்று பொம்பளைக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தேய்க்கத் தேய்க்க விளிம்பில் பழுப்பாக ஒரு கோடு நின்றுகொண்டே இருக்கும். இது அப்படியே ரோஸாகக் கரைந்து ஒரே அலசலில் போய்விட்டது.

பயம் போகவில்லை. ஆனால் இந்தத் தடவை கேள்வி பின்னால் நொண்டிக்கொண்டு வராமல் கூடவே வந்துவிட்டது. அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் வழக்கம்போலக் கிளம்பினேன். பதினோரு மணிக்கு, தார்ப்பாய் எடுக்க வேண்டும் என்று பக்கத்துக் குவியல்காரரிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

அவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் சோற்றுக் குண்டான். முழங்கால் இடுக்கில் அந்தப் பாட்டில். பாதி காலி. விரலெல்லாம் சிவப்பு. தயிர் விட்டுப் பிசைந்த சோற்றில் அந்தத் தண்ணீரையும் ஊற்றியிருந்தார் போலிருக்கிறது, சோறே ரோஸாக இருந்தது. வாய் நிறைய அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அது இல்லன்னீங்க?"

விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னார். "அது இல்லதான்."

"அப்பறம்?"

"இதுவும் நல்லாத்தான் இருக்கு."

"அத என் எதிர்க்கத் திங்கிறதுக்கென்னங்க? துண்டுல கறையப் பாத்துட்டு நான் செத்துப் பொழச்சேன்."

"நீ எதிர்க்க ஒக்காந்தா எப்படித் திங்கிறது?" குரல் உயர்ந்துவிட்டது. "நாலு மாசமா ஒவ்வொரு வாய்க்கும் என் மூஞ்சியப் பாக்குற. பரீச்ச எழுதுற மாதிரி இருக்கு எனக்கு. ருசி தெரியலன்னாலும் பயம், தெரியுதுன்னு பொய் சொல்லவும் பயம்."

நான் வாசற்படியிலேயே நின்றேன். அப்படி நான் யோசித்ததே இல்லை. அவர் சாப்பிட வேண்டுமே என்றுதான் பார்த்தேன். சரி, போய்விடலாம், தார்ப்பாயை எடுத்துக்கொண்டு போனால் இன்னும் ரெண்டு வாய் தின்பார் என்று திரும்பினேன்.

முதுகுக்குப் பின்னால் நறுக்கென்று சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல், முணுமுணுப்பாக. "பூண்டு வாடதான் தூக்கலா இருக்கு."

நான் நின்றேன். சத்தமும் நின்றது.

"என்ன சொன்னீங்க?"

அவர் பாட்டிலைத் தூக்கி மூக்கருகே வைத்து இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வெகு தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்பவர் போல இருந்தார்.

"பூண்டுதான்" என்றார். "லேசா. வந்துட்டுப் போயிருது."

எதிரே உட்காரக் கூடாது என்று தோன்றியது. அவருக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து, அவர் பார்க்கிற பக்கமே பார்த்து உட்கார்ந்தேன். கை சும்மா இருக்கவில்லை. எட்டிக் காப்பித்தூள் டப்பாவை எடுத்துத் திறந்து நீட்டினேன்.

"இது?"

"இல்ல."

சீரகம். இல்லை. ஏலக்காய். யோசித்துவிட்டு, இல்லை. நல்லெண்ணெய். இல்லை. சோறு குண்டானில் காய்ந்துகொண்டிருந்தது. கொள்முதல் நிலையத்தில் எங்கள் நெல் யார் காவலும் இல்லாமல் கிடந்தது. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தேன். அவரும் சலிக்காமல் ஒவ்வொன்றாக முகர்ந்தார். பெருங்காயக் கட்டியைப் பொட்டலத்திலிருந்து பிரித்து மூக்குக்கு நேரே பிடித்தேன்.

முகர்ந்துவிட்டு, துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"மறுபடியும் காட்டு" என்றார்.